ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதும்போது

ஆங்கிலத்தில் நாவல் எழுதும் நண்பர்கள் சிலர், அமெரிக்க, பிரிட்டிஷ் ஏஜெண்டுகளுக்கு (எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகத்திடம் விற்றுத் தருபவர்கள்) அனுப்பும் க்வெரி கடிதத்தை, அதாவது 'என் நாவலைப் படித்துப் பாருங்கள்' என்று கேட்கும் கடிதத்தை, என்னிடம் காட்டுவதுண்டு. எழுத்துப்பிழை, ஏஜெண்ட் பெயரைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மற்றபடி, நான் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

கதையை விட்டுக் கருத்தைச் சொல்வது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சமீபத்தில் ஒருவர் காட்டிய கடிதம்: "இடப்பெயர்வின் வலியையும் பெண்களின் மௌனத்தையும் இந்நாவல் பேசுகிறது." சரி, யார் அந்தப் பெண்? அவளுக்கு என்ன வேண்டும்? மூச்சே இல்லை. வாயைக் கிளறியதும் கதை வந்தது. செத்துப்போன அக்காவின் பாஸ்போர்ட்டில் டொராண்டோ போனவள், அக்கா பெயரிலேயே காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது அக்காவின் மகன் தன் அம்மா உயிரோடு இருப்பதாக நம்பித் தேடி வருகிறான். உண்மையைச் சொன்னால் குடியுரிமை போய்விடும். அட, இதை ஏன் எழுதவில்லை? "கதையை முன்னாலேயே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடுமே" என்றார்.

தமிழில் பெரும்பாலும் பதிப்பாளரிடமே நேராகக் கொடுத்துவிடுகிறோம். நூலின் பெருமையை அணிந்துரை பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் தனக்குத் தானே அணிந்துரை எழுதிவிடுகிறார்கள். ஏஜெண்டோ இந்தக் கதையைச் சொல்லித்தான் பதிப்பக எடிட்டரிடம் விற்க வேண்டும். மௌனத்தை அவர் எப்படி விற்பார்? யார், என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தவறினால் என்ன போகும் என்பதை 200 வார்த்தைக்குள் சொல்லுங்கள். முடிவு இதில் வேண்டாம். அது சினாப்சிஸுக்கு (முழுக் கதையின் சுருக்கம்), அங்கே மறைக்கக் கூடாது.

நஷ்டம் எங்கே என்றால், ஒருமுறை மறுத்த ஏஜெண்டுக்கு, நாவலைப் பெரிதாகத் திருத்தாமல் மறுபடி அனுப்ப முடியாது. சில ஏஜென்சிகளில் ஒருவர் மறுத்தால் எல்லாரும் மறுத்த கணக்கு. இந்த நண்பரோ பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியில் அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்! நல்ல கதை, ஆனால் கதவு தட்ட ஆள் மிச்சமில்லை. முதலில் ஐந்தாறு பேருக்கு அனுப்பிப் பாருங்கள். ஒருவர்கூட முழுப் பிரதியைக் கேட்கவில்லை என்றால் கடிதத்தை மாற்றிவிட்டு அடுத்த ஐந்தாறு பேரிடம் போங்கள்.

முடிக்காத நாவல்

அனுப்பாதீர்கள்.

ஒப்பீடு

நோபல் பரிசு வாங்கியவரோடு உங்களை ஒப்பிட வேண்டாம். உங்கள் நாவலின் வகையிலேயே கடந்த நான்கைந்து வருடத்தில் வந்த இரண்டு நாவல்களைக் கடிதத்தில் சொன்னால் போதும். அவற்றைப் படித்திருக்கவும் வேண்டும்.

நீளம்

கடிதம் ஒரு பக்கம். முதல் நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 வார்த்தை வரை வசதி. 2,50,000 என்று போட்டால் பெரும்பாலும் அந்த வரியோடு மூடிவிடுவார்கள்.

பணம்

படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள். புத்தகத்தைப் பதிப்பகத்திடம் விற்ற பிறகு, உங்களுக்கு வரும் பணத்தில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.