விடிஎல்லில் ஜாப் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது

பொருளைச் சுழற்றிக் கடையும் சாதாரண லேத்தில் கனமான ஜாபை, அதாவது கடைய வேண்டிய பொருளை, மாட்டினால் அது எந்நேரமும் கீழே சரியத்தான் பார்க்கும். செங்குத்து டரெட் லேத்தில், அதாவது விடிஎல்லில், ஜாபைப் பிடிக்கும் ‘சக்’ என்ற வட்டப் பிடிப்பானையே மல்லாக்கப் போட்டு மேசையாக்கியிருக்கிறார்கள். ஜாப் தன் எடையிலேயே உட்கார்ந்துகொள்ளும். மேலே குறுக்காகக் கிராஸ் ரெயில், அதில் இடம் வலமாக ஓடும் சேடில், அதிலிருந்து கீழிறங்கும் ராம், ராமின் நுனியில் பல டூல்களைச் சுமக்கும் டரெட். செட்டிங் வெகு சுலபம். பாதித் தவறுகள் இந்தச் சுலபத்திலிருந்துதான் வருகின்றன.

முதல் தவறு, எடையை நம்புவது. எடை ஜாபைக் கீழே அழுத்தும், அவ்வளவுதான். டூல் பக்கவாட்டில் தள்ளும்போது பிடித்து நிறுத்த வேண்டியது ஜாக்கள், அதாவது சக்கின் பிடிதாடைகள். அந்த ஜாக்களையும், மேசை சுற்றச் சுற்ற, மையவிலக்கு விசை வெளியே இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஜாப் நிற்கும்போது இருந்த பிடி, ஓடும்போது இருக்காது.

ஃபேஸிங்கில், அதாவது ஜாபின் மேல்முகத்தைத் தட்டையாக வெட்டும்போது, இது இன்னும் மோசம். நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் என்றால் 1000 மி.மீ. விட்டத்தில் மேசை சுமார் 32 ஆர்பிஎம்தான் ஓடும். டூல் உள்ளே நகர்ந்து 100 மி.மீ. விட்டத்துக்கு வந்தால் அதே வெட்டு வேகத்துக்கு 318 வேண்டும். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி தானாகவே ஏற்றிவிடும். நிரலில் உச்ச ஆர்பிஎம் வரம்பு போடாமல், வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 கட்டளையை ஓட விடாதீர்கள், அதுவும் எடை ஒருபக்கமாகச் சாய்ந்த வார்ப்பு என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

சரி, பிடி போதாது என்று இறுக்கித் தள்ளுவதா? மெல்லிய ரிங்கில் அது அடுத்த தவறு. மூன்று ஜா வெளியிலிருந்து நெரிக்கும்போது ரிங் லேசாக முக்கோணமாகிறது. அந்த நிலையில் போரை, அதாவது உள்துளையை, வட்டமாக வெட்டுகிறோம். ஜாவைத் தளர்த்தினால் ரிங் பழைய வடிவத்துக்குத் திரும்பும், போர் முக்கோணமாகும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு புள்ளி தொடும் மைக்ரோமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு ஜாவுக்கு நேர் எதிரே இருப்பது மற்ற இரண்டு ஜாக்களின் நடுப்பகுதி. இங்கே அகன்றது அங்கே குறுகியதோடு சரிக்கட்டிப் போய், எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். நானும் ஒரு முறை அந்த அளவை நம்பி ஜாபை இறக்கினேன், பேரிங் உட்காரவில்லை. ரஃப் கட் முடிந்ததும் ஜாவைத் தளர்த்தி, மெதுவாக மறுபடி பிடித்து ஃபினிஷ் கட் எடுங்கள். மேலிருந்து கிளாம்ப் போட்டு அமுக்க முடிந்தால் இன்னும் நல்லது. சரிபார்க்க, ஜாவை விட்ட பிறகு போருக்குள் டயல் இண்டிகேட்டர் அளவுக்கருவியை வைத்து மேசையைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சூட்டோடு அளப்பதும் இதே ரகம். ஒரு மீட்டர் விட்டமுள்ள எஃகு ரிங் 20 டிகிரி சூடேறினால் விட்டம் கிட்டத்தட்ட 0.23 மி.மீ. கூடும். டாலரன்ஸ், அதாவது அனுமதித்த அளவு வேறுபாடு, 0.05 மி.மீ. என்றால் கதை முடிந்தது. ஆறட்டும், அப்புறம் அளக்கலாம்.

ராமைத் தேவைக்கு மேல் கீழே நீட்டி வேலை செய்வதும் பலர் பழக்கம். நீட்டம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு ஆகும். சேட்டர் என்ற அதிர்வு வந்ததும் டூலைத் திட்டுகிறோம், ராமை யாரும் பார்ப்பதில்லை. கிராஸ் ரெயிலை ஜாபுக்கு எவ்வளவு அருகில் இறக்க முடியுமோ இறக்கி, கிளாம்ப் செய்துவிட்டு வெட்டுங்கள்.

சிப்ஸும், அதாவது வெட்டிய உலோகத் துணுக்குகளும், இங்கே கீழேதான் விழும்; போரிலும் ஜாவின் காலடியிலும் தேங்கும். அடுத்த ஜாபை வைக்கும் முன் ஜாபைத் தாங்கும் பேரலல் கட்டைகளைத் துடைக்காவிட்டால் ஒரு துணுக்கு போதும், முகம் சாய்ந்துவிடும்.

கடைசியாக டரெட். வெட்டும் டூலை மட்டும் பார்த்துவிட்டு, டரெட்டின் பக்கத்து ஸ்டேஷனில் (டூல் மாட்டும் இடம்) தொங்கும், உள்துளை வெட்டும் நீண்ட போரிங் பாரை மறந்துவிடுவார்கள். வெளிவிட்டம் வெட்டி முடித்து ராம் உள்ளே இறங்கும்போது அந்தப் பார்தான் ஜாவில் இடிக்கும். புது செட்டிங் என்றால் மேசையை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்டேஷனையும் ஒரு சுற்று திருப்பி, குறைந்த வேகத்தில் இறக்கிப் பார்த்துவிட்டே சைக்கிள் பட்டனை அழுத்துங்கள்.