“வலிதான் இல்லையே!”: மார்பைச் சோதிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

குடியாத்தத்தில் என் பெரியம்மா, இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்கு மூன்று மாதம் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், “வலிதான் இல்லையே, கொழுப்புக் கட்டியா இருக்கும்” என்பார். நம் பக்கத்தில் நடக்கும் முதல் தவறு இதுதான். புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

அடுத்தது, மார்பை நாமே தடவிப் பார்க்கும் நாள். மாதவிலக்குக்கு முந்தின வாரம் தடவினால் எல்லாமே கட்டி போலத்தான் இருக்கும். விலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் பாருங்கள். விலக்கு நின்றவர்கள் மாதம் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். சம்பளத் தேதி என்றால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிப் பெண்களுக்கு மறக்காது!

கை வைப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப் பிதுக்கிப் பார்ப்பதுபோல் கிள்ளக் கூடாது. கிள்ளினால் பால் சுரப்பி திரண்டு, இல்லாத கட்டி இருப்பதாகத் தோன்றும். மல்லாந்து படுத்து, பார்க்கும் பக்கத்துக் கையைத் தலைக்கு அடியில் வையுங்கள். மறு கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, ரேகை இருக்கும் சதைப் பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்துங்கள். முதலில் லேசாக, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும் அளவுக்கு. காறை எலும்பிலிருந்து மார்பின் கீழ் மடிப்பு வரை போக வேண்டும். அக்குளை விட்டுவிடாதீர்கள், அதை ஒட்டிய மேல் பாகத்தில்தான் கட்டி அதிகம் வருகிறது.

கண்ணாடி முன்னும் நின்று பாருங்கள். தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிவது, காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, ரத்தம் கசிவது, காம்பில் ஆறாத சொறி: கட்டியே இல்லாவிட்டாலும் இவற்றை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பெரும்பாலான கட்டிகள் புற்று இல்லை. சரி, அதை யார் சொல்வது? ஸ்கேனும், மேமோகிராம் என்னும் மார்பு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் கட்டியிலிருந்து ஊசியால் துளி எடுத்துப் பார்க்கும் சோதனையும்தான். ஊசி பட்டால் பரவிவிடும் என்பது வெறும் பயம். “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்பதும் உதவாது. இந்நோய் வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். தடவியதில் ஒன்றும் இல்லை என்று, நாற்பதைத் தாண்டியவர்கள் மேமோகிராமைத் தள்ளிப்போடுவதும் தப்பு. விரலுக்கு அகப்படாத கட்டியும் அதில் தெரியும்.

மிச்சமிருப்பது கூச்சம். ஆண் டாக்டர் வேண்டாம் என்று குடும்பத்தார் மறுத்ததால், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கிருந்த அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூரில் சிகிச்சை தொடங்கினார். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் கதை அதுதான். பெண் டாக்டர் வேண்டும் என்று இன்று தயங்காமல் கேட்கலாம். பெரியம்மாவும் கடைசியில், “பொம்பள டாக்டர்தானே?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் வேலூர் பஸ் ஏறினார்.