டிரம் சாண்டர்ல கன்வேயர் பெல்ட் மாத்துறது எப்படி
டிரம் சாண்டர்னா உப்புத்தாள் சுத்தின டிரம்மால பலகைய தேய்ச்சு வழவழப்பாக்குற மெஷின், பலகைய அதுக்கு அடியில இழுத்துட்டுப் போறது கன்வேயர் பெல்ட். பலகைய உள்ள விட்டா பாதி தூரம் போயி நின்னுடுதா? டிரம் மட்டும் ஒரே எடத்துல சுத்திக்கிட்டே இருக்கும், ஒரு நொடியில தீஞ்ச வாசனை வரும், வெளிய எடுத்துப் பாத்தா குறுக்க ஒரு பள்ளம், அதுல கருப்பா கோடு. மேஜை மேல்பலகைக்குன்னு எடுத்து வச்சிருந்த தேக்கு ஒண்ணு எனக்கு அப்படித்தான் வீணாச்சு, இன்னும் மனசு ஆறல.

ஒடனே புது பெல்ட் வாங்கிடாதீங்க. டிரம் மோட்டார ஆஃப் பண்ணிட்டு கன்வேயர மட்டும் ஓட விட்டு உள்ளங்கையால பெல்ட் மேல அழுத்துங்க, பெல்ட் நின்னுட்டா வெறும் லூசு, டைட் வச்சா போதும். 16-32ங்குற மாடல் மாதிரி சின்ன மெஷின்ல பெல்ட்டே உப்புத்தாள் துணிதான், தடவுனா சொரசொரப்பு தெரியணும். வழவழன்னு இருந்தாலோ ஓரம் நூல் நூலா பிரிஞ்சாலோ மாத்திடுங்க.

பிளக்க புடுங்கிடுங்க, சுவிட்ச் ஆஃப்ல இருக்குங்குற தைரியம் வேணாம். டிரம்ம எவ்வளவு மேல போகுமோ அவ்வளவு ஏத்துங்க. ரெண்டு பக்கமும் இருக்குற டென்ஷன் நட்ட (பெல்ட்ட டைட் வைக்குற நட்டு) லூஸ் பண்ணி, பெல்ட் சுத்தி வர்ற ரோலர முழுசா உள்ள தள்ளுங்க, கன்வேயர் பெட்ட (பெல்ட் ஓடுற மேடை) புடிச்சிருக்குற நாலு போல்ட்டையும் கழட்டி அப்படியே தூக்கி வெளிய எடுத்து மோட்டார் இல்லாத பக்கமா பெல்ட்ட உருவிடுங்க. கீழ வாஷர் ஏதாச்சும் இருந்தா எது எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

ரோலர்ல மரத்தூளும் பிசினும் சேந்து கட்டியா ஒட்டியிருக்கும், அத மரச்சில்லால சுரண்டி தொடச்சிடுங்க, இல்லன்னா புது பெல்ட்டும் ஒரு பக்கமாவே ஓடும். பெல்ட் உள்பக்கம் அம்புக்குறி இருந்தா ஓடுற திசைக்கு மாட்டணும்.

பொறுமை வேண்டியது இதுக்கப்புறம்தான். ரெண்டு பக்கமும் ஒரே அளவா டைட் வச்சு, பெட்ட திரும்ப பூட்டி, வெறுமனே ஓட விடுங்க. பெல்ட் எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கத்து நட்ட கால் சுத்து டைட், எதிர்ப்பக்கம் கால் சுத்து லூஸ், அவ்வளவுதான், அப்புறம் கைய எடுத்துட்டு ரெண்டு மூணு நிமிஷம் சும்மா பாருங்க. பெல்ட் மெதுவாத்தான் திரும்பும், அவசரத்துல முழு சுத்து சுத்துனா அந்தப் பக்கம் போயி பிரேம்ல உரசி புது பெல்ட்டே கிழிஞ்சிடும்.

பெட்ட கழட்டி மாட்டுனதால டிரம்முக்கு அது நேரா இருக்கான்னு பாக்கணும். வேணாத பலகை ஒண்ண விட்டு எடுத்து ரெண்டு ஓரத்தையும் வெர்னியர் காலிபர்ல (தடிமன் துல்லியமா அளக்குற கருவி) அளந்து பாருங்க, தடிமன் வித்தியாசம் இருந்தா டிரம்ம சரி பண்ணிட்டு நல்ல மரத்துல கை வைங்க. புது பெல்ட் ஓட ஓட கொஞ்சம் நீளும், சில நாள் கழிச்சு திரும்ப ஒருவாட்டி டைட் வைக்கணும்.