அலுவலக மாடியில் அறியாத பருந்து: பெயர் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலக மொட்டை மாடியிலோ எதிரில் இருக்கும் செல்போன் கோபுரத்திலோ புதிதாக ஒரு வேட்டைப் பறவை வந்து உட்கார்ந்தால், தேநீர் இடைவேளை முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் நாலு பெயர் வந்துவிடும். ஒருவர் கழுகு என்பார், இன்னொருவர் ராஜாளி என்பார். போனில் ஆப் வைத்திருப்பவர் வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொல்லி, ‘ரொம்ப அரிய பறவையாம்’ என்று முடித்துவிடுவார். பெரும்பாலும் அது அரிய பறவையாக இருக்காது. தினமும் தலைக்கு மேல் சுற்றுகிற பறவைதான், நமக்குப் பழக்கமில்லாத வயதிலோ வெளிச்சத்திலோ கோணத்திலோ கண்ணில் பட்டிருக்கும். அதனால் ‘இது என்ன புதுப் பறவை’ என்று தேடுவதற்கு முன்னால், ‘இது ஏன் வழக்கமான பறவையாக இருக்கக் கூடாது’ என்று கேட்டுவிட வேண்டும். பெயர் கண்டுபிடிக்கும் வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

அளவை வைத்துத் தொடங்குவது

‘ரொம்பப் பெரிசு’ என்பதுதான் பார்த்தவர்கள் சொல்லும் முதல் அடையாளம். நம்பவே கூடாத அடையாளமும் அதுதான். வெறும் வானத்தில் தனியாகப் பறக்கும் ஒன்றின் தூரம் தெரியாமல் அதன் அளவைச் சொல்ல யாராலும் முடியாது. இருபது அடி தூரத்தில் ஏசி எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வைரி (ஷிக்ரா என்கிற சிறு வேட்டைப் பறவை), கழுகு மாதிரித்தான் தெரியும். உண்மையில் அது 30 செ.மீ. நீளத்தை எட்டினாலே அதிகம். மாடப்புறாவை விடச் சற்றுச் சிறியது. மாறாக, உயரத்தில் வட்டமிடும் கழுகு சின்னதாகத் தெரிந்து யார் கவனத்திலும் படாமல் போய்விடும்.

பக்கத்தில் ஏதாவது ஒன்று இருந்தால் மட்டுமே அளவைப் பேசலாம். காகங்கள் துரத்துகின்றனவா? நல்லது. காகத்தை விடப் பெரிதா, சமமா, சிறிதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பறவை உட்கார்ந்த இடம் கைப்பிடிச் சுவர் என்றால், அது போன பிறகு அந்தச் சுவரின் செங்கல் வரிசையை எண்ணிக்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வேட்டைப் பறவைகளில் பல இனங்களில் பெண்தான் பெரியது. பெரெக்ரின் ஃபால்கன் என்கிற பொரி வல்லூறில் பெண், ஆணை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கலாம். ஸ்பாரோஹாக் எனும் வைரி வகையில் பெண்ணின் எடை ஆணின் எடையைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு வரை போகும். ஆகவே இரண்டு அளவில் இரண்டு பறவைகள் வந்தால் இரண்டு இனம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஜோடியாகவும் இருக்கலாம்.

நிறத்தைப் பிடித்துக்கொள்வது

நிறத்தில் ஏமாறுவதற்கு வழி நிறைய. முதலில் வயது. படங்களில் பெரும்பாலும் வளர்ந்த பறவையைத்தான் பளிச்சென்று போட்டிருப்பார்கள். நம் மாடிக்கு வருவதோ அடிக்கடி இளம் பறவை. கூட்டை விட்டுக் கிளம்பி, எங்கே உட்காருவது, எதைப் பிடிப்பது என்று இன்னும் பழகாத பறவைகள்தான் மனிதர் நடமாட்டம் உள்ள விசித்திரமான இடங்களில் வந்து நிற்கும்.

செம்பருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தலை, செங்கல் நிற முதுகு என்று யாரும் தவறவிட முடியாத பறவை. அதன் இளம் பறவைக்கு இந்த இரண்டுமே கிடையாது; உடம்பு முழுக்கப் பழுப்பு. அதைக் கரும்பருந்து என்பார்கள், சதுப்பு நிலங்களில் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்து என்பார்கள். வால் நுனி வட்டமாக இருப்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கரும்பருந்தின் இளம் பறவையோ உடம்பெல்லாம் வெளிர்ப் புள்ளியும் கோடுமாக, பெற்றோருக்குச் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். ‘புள்ளி போட்ட கழுகு’ என்று வரும் படங்களில் நிறைய இதுதான்.

வைரியில் மார்பைப் பாருங்கள். வளர்ந்ததற்கு மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். இளசுக்கு அதே மார்பில் பழுப்புத் தீற்றல்கள் மேலிருந்து கீழாக, சொட்டுச் சொட்டாக விழும். குறுக்குக் கோடு ஒரு பறவை, நெடுக்குக் கோடு வேறு பறவை என்று நினைப்பவர்கள் ஏராளம். வட அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுக்குத் தலை முழுதாக வெளுக்கச் சுமார் 5 ஆண்டுகள் ஆகும். அதுவரை அது பழுப்பும் வெள்ளைத் திட்டுமாகத்தான் திரியும்.

தேன் பருந்து இன்னும் மோசம். ஒரே இனத்தில் வெளிர் நிறம், கரும்பழுப்பு, கோடு போட்டது என்று பல தோற்றங்கள் உண்டு. நிறத்தை வைத்து அதைப் பிடிக்க முயன்றால் தோல்விதான். உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, கொஞ்சம் நீண்ட கழுத்து, இதைத்தான் பார்க்க வேண்டும். கட்டட விளிம்பில் மலைத்தேனீ அடை தொங்குகிறது என்றால் இந்தப் பறவை ஏன் வந்தது என்பதற்கும் காரணம் கிடைத்துவிடும்.

அப்புறம் வெளிச்சம். வெள்ளை வானத்துக்கு எதிரே எல்லாமே கறுப்பு. மாலை வெயிலில் எல்லாமே செம்பு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்து முடிவெடுப்பது

அலுவலகக் கட்டடங்களுக்கே உரிய தவறு இது. பறவைப் புத்தகங்களில் இதைப் பற்றி அதிகம் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறமேற்றிய கண்ணாடி வழியே பார்த்தால் சாம்பல் நிறம் நீலமாகவோ பச்சையாகவோ மாறும், வெள்ளை அழுக்காகத் தெரியும். போன் கேமராவோ பறவையை விட்டுவிட்டுக் கண்ணாடியில் படிந்த தூசியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து எடுத்தால் பிரதிபலிப்பும் தூசியும் ஓரளவு மறையும். திறக்கிற ஜன்னல் ஒன்று இருந்தால் அங்கே போவது இன்னும் நல்லது. திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள். வானம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, இறகின் கோடுகள் தெரிய வேண்டும். விரலால் பெரிதாக்கி எடுப்பதை விடச் சாதாரணமாக எடுத்து அப்புறம் வெட்டிக்கொள்ளலாம், இழப்பு ஒன்றும் இல்லை.

கோணமும் மாறிவிடுகிறது. பறக்கும் பருந்துகளுக்கான படங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் தரையில் நிற்பவருக்காக எழுதப்பட்டவை. இறக்கையின் அடிப்பக்கம், வாலின் அடிப்பக்கம் என்றுதான் போகும். ஆறாவது மாடியில் இருப்பவருக்குத் தெரிவதோ முதுகு. அடிப்பக்கப் படத்தோடு முதுகை ஒப்பிட்டுவிட்டு ‘எதோடும் பொருந்தவில்லை, புது இனம் போல’ என்பது அடிக்கடி நடக்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன. கரும்பருந்தின் இறக்கை மேல் சாய்வாக ஓடும் வெளிர் பட்டை, கெஸ்ட்ரல் என்கிற சிற்றெழாலின் செங்கல் நிற முதுகும் அதை வெட்டிக் காட்டும் கரிய இறக்கை நுனியும், கருந்தோள் பருந்தின் தோளில் இருக்கும் கறுப்புத் திட்டு, பூனைப்பருந்துகள் சிலவற்றில் வால் தொடங்கும் இடத்தில் உள்ள வெள்ளை. ஒரு வகையில் மாடியில் இருப்பவருக்குக் கிடைத்த சலுகை இது. தரையில் இருப்பவர் நாள் முழுக்க நின்றாலும் இவற்றில் பலதைப் பார்க்க முடியாது.

உருவத்தை ஒரே நொடியில் படிப்பது

நிறத்தை விட உருவம் நம்பகமானது, சரி. அகலமான இறக்கை, நுனியில் விரல்கள் பிரிந்தது போன்ற இறகுகள் என்றால் கழுகு, பருந்து வகை. கூர்மையான நீண்ட இறக்கை என்றால் வல்லூறு, எழால் வகை. குட்டையான வட்ட இறக்கையும் நீண்ட வாலும் வைரி வகைக்கு. ஆனால் இதை ஒரு நொடியிலோ ஒரே புகைப்படத்திலோ முடிவு செய்யக் கூடாது. வேகமாகச் சரிந்து பாயும் வைரி இறக்கையை மடக்கும்போது கூர்மையாகத்தான் தெரியும். நிதானமாக வட்டமிடும் பொரி வல்லூறு வாலை விரித்து இறக்கையை நீட்டினால் மழுங்கலாகத் தெரியும். கரும்பருந்தின் கவட்டை வால் ஊரறிந்த அடையாளம். அதே வாலை அது முழுதாக விரித்தால் நுனி நேர்கோடாகிவிடும். இறகு உதிர்க்கும் பருவத்தில் ஓர இறகுகள் விழுந்திருந்தால் கவட்டையே இருக்காது. ஒரு நிமிடம் தொடர்ந்து பார்ப்பதும், படத்துக்குப் பதில் வீடியோ எடுப்பதும் இதற்காகத்தான்.

நடத்தையையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரே இடத்தில் இறக்கையடித்தபடி அந்தரத்தில் நிற்கிறதா? சிற்றெழாலும் கருந்தோள் பருந்தும் அதில் கைதேர்ந்தவை. தண்ணீர்த் தொட்டியையும் குளத்தையும் சுற்றுகிறதா? வெள்ளை வயிறும் கண் வழியே கறுப்புப் பட்டையும் இருந்தால் மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பானாக (ஆஸ்ப்ரே) இருக்கலாம். மாடியில் புறா இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடந்தால் அவற்றில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தண்டு முழுசாக, பிடுங்கியது போல வந்திருந்தால் பறவையின் வேலை. கடித்துத் துண்டித்தது போல இருந்தால் பூனை. கட்டடங்களில் பொரி வல்லூறு வாழ்வது ஒன்றும் அதிசயமில்லை. மெல்பர்ன் நகரின் காலின்ஸ் தெருவில் ஓர் அலுவலகக் கட்டட விளிம்பில் பல ஆண்டுகளாகக் குஞ்சு பொரித்து வருகின்றன. மலை முகட்டுக்கும் உயரமான கட்டடத்துக்கும் அவை பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை.

வேட்டைப் பறவையே இல்லாதது

வைரியைப் போலவே உடை போட்ட அக்காக்குயில் பலரை ஏமாற்றியிருக்கிறது. சாம்பல் முதுகு, கோடு போட்ட வால், பறக்கும் விதம் எல்லாம் அச்சாக அப்படியே. சின்னப் பறவைகளே ஏமாந்து கூச்சலிடும். அலகைப் பாருங்கள். வைரிக்கு இருக்கும் கொக்கி இதற்கு இல்லை, காலிலும் அந்த நகங்கள் இல்லை.

புறாக்களை விரட்டப் பருந்து வடிவக் காற்றாடியும் பிளாஸ்டிக் ஆந்தையும் கட்டிவைக்கும் கட்டடங்களும் உண்டு. அரை மணி நேரம் தலையைக்கூடத் திருப்பாத பறவை என்றால் பராமரிப்புப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதே கட்டடங்களில் வேட்டைப் பறவைக் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிடுவதும் நடக்கும்.

குரலை மட்டும் நம்புவதில் வேறு சிக்கலும் இருக்கிறது. கரிச்சான் வைரியின் குரலை அச்சு அசலாக எடுத்துவிடும். சினிமாவைப் பார்த்துக் கழுகின் குரலைக் கற்றவர்கள் பாடு இன்னும் கஷ்டம். வெண்தலைக் கழுகைத் திரையில் காட்டிவிட்டு, செவ்வால் பருந்தின் கம்பீரமான கத்தலை ஓட்டுவது அங்கே பழைய வழக்கம். உண்மையான வெண்தலைக் கழுகின் குரல் மெலிந்த கீச்சுதான்.

ஆப் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது

மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை நல்ல கருவிகள். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் மங்கலான நிழலுருவத்தைக் கொடுத்தாலும் அவை ஏதோ ஒரு பெயரை நீட்டும். இடமும் தேதியும் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்காமல் விட்டால் வேறு கண்டத்துப் பறவை பட்டியலில் முதலில் வந்து நிற்கும். வரும் பெயரை விடையாக எடுக்காமல், சந்தேகப்பட வேண்டிய மூன்று நான்கு பெயர்களாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: எந்தப் படத்தையும் திறப்பதற்கு முன் பார்த்ததை எழுதிவிடுங்கள். வாலின் வடிவம், மார்பின் கோடு எந்தத் திசையில், கண் நிறம், கால் நிறம், என்ன செய்தது, எத்தனை மணி. படத்தைப் பார்த்த பிறகு நினைவு தானாகத் திருந்திக்கொள்ளும். இல்லாத வெள்ளைப் பட்டையும் ‘ஆமாம், இருந்தது’ என்று ஆகிவிடும்.

உண்மையிலேயே விருந்தாளி என்றால்

எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் பொருந்தாமல் நிற்கும் பறவை எப்போதாவது வரும். முதலில் காலைப் பாருங்கள். தோல் வார் தொங்கினால் யாரோ வளர்த்துத் தப்பிய பறவை. புறா விரட்ட வேட்டைப் பறவைகளைப் பழக்கி வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. உலோக வளையம் இருந்தால் எண்ணைப் படமெடுக்கப் பாருங்கள்.

வழி தவறி வருவதும் நடக்கிறதுதான். ரஷ்யாவின் கிழக்குக் கரையிலும் ஜப்பானிலும் வாழும் ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று 2020-இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. 2021-இல் டெக்சஸில் ஒன்று, அப்புறம் கனடாவின் கிழக்குப் பகுதியில், ஆண்டு இறுதியில் மாசசூசெட்ஸில். எல்லாம் ஒரே பறவை என்று சொல்ல உதவியது இறக்கையில் இருந்த வெள்ளைத் திட்டுகளின் அமைப்பு. படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். முகத்தை மட்டும் அழகாக எடுத்த படத்தால் இது முடியாது. விரித்த இறக்கை, வால், முதுகு என்று சுமாரான படங்கள் பத்து இருந்தால் அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

கூடு கட்டியிருந்தால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், படத்துக்காக மாடிக் கதவைத் திறந்து நெருங்கவும் வேண்டாம். அடைகாக்கும் பறவை கூட்டை விட்டே போய்விடக்கூடும். கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்து கிடந்தால் பெயர் தேடும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியால் மூடி இருட்டில் அமைதியாக வைத்து, வனத்துறைக்கோ பறவை மீட்பவர்களுக்கோ சொல்லுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம். கிழிப்பது அலகை விட நகம்தான் என்பதால் தடித்த துணி இல்லாமல் தொடவும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் பெயர் கிடைக்கவில்லையா? பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளத்தில் இனத்தைக் குறிப்பிடாமல் ‘வைரி வகை’, ‘வல்லூறு வகை’ என்று மட்டும் பதிவதற்கு இடம் இருக்கிறது. படத்தோடு அப்படியே பதிந்து வையுங்கள். அதே பறவை திரும்ப வந்து நல்ல படம் கிடைத்தால், பழைய பட்டியலைத் திறந்து பெயரை மாற்றிக்கொள்ளலாம்.