‘எங்கே?’ என்று கேட்டுக்கொண்டு அவலநாடகம் படித்தல்: உயர்தர மாணவருக்கு ஒரு செய்முறை

உயர்தரக் கலைப்பிரிவில் சேர்ந்த முதல் தவணையில் நான் எழுதிய நாடகத் திறனாய்வுக் கட்டுரை, ‘ஈடிபஸ் மன்னனின் வீழ்ச்சிக்கு அவனது அகந்தையே காரணம்’ என்று தொடங்கியது. இரண்டு பக்கக் கட்டுரையில், அவலநாடகத்துக்கு இலக்கணம் வகுத்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் நான்கு இடங்களில் வந்திருந்தார். நாடகத்தின் ஒரு காட்சிகூட வரவில்லை. கொப்பி திரும்பி வந்தபோது அந்த முதல் வாக்கியத்தின் அருகில் சிவப்புப் பேனையால் ‘எங்கே?’ என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. அந்த அகந்தையை நாடகத்தின் எந்த இடத்திற் கண்டாய் என்று ஆசிரியை கேட்கிறார் என்பது விளங்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. மறுமொழி தேடப் புறப்பட்டபோதுதான், ரியூசன் குறிப்பை மூன்று தரம் வாசித்த நான் நாடகத்தை ஒரு தரமேனும் முழுதாக வாசிக்கவில்லை என்பது எனக்கே தெரியவந்தது.

யாழ்ப்பாணத்தில் நாடகமும் அரங்கியலும், தமிழ், ஆங்கில இலக்கியம் ஆகிய பாடங்களை எடுத்து, அவலநாடகம் (துன்பியல் நாடகம்) ஒன்றை எப்படி அணுகுவது என்று திகைத்திருக்கும் 12ஆம் தர மாணவருக்காக, அன்று தொடங்கி நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குப் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தையும், அதற்குத் துணையாகச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையும் எடுத்துக்கொள்கிறேன். பின்னது மேடைக்கென எழுதிய நாடகமன்று, காப்பியம்; ஆயினும் கண்ணகி கதையைக் கோயிலிலும் கூத்திலும் கேட்டு வளர்ந்த நமக்கு அது கிரேக்கத்தைவிடக் கிட்டவாக இருக்கிறது.

முதற்படி: கதையை முன்னரே தெரிந்துகொள்ளுங்கள்

கதைச்சுருக்கத்தை முதலில் வாசிப்பது பிழையென்று பலர் நினைக்கிறார்கள். ஏதென்ஸ் நகரில் தியோனீசஸ் என்னும் தெய்வத்தின் விழாவுக்கு நாடகம் பார்க்க வந்த மக்களுக்கு ஈடிபஸின் கதை முன்னரே தெரியும். நம்மூரில் நடிகர் வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ பார்க்கப் போனவர்களுக்கும் அரிச்சந்திரனுக்கு அடுத்து என்ன நேரும் என்பது தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் விடிய விடிய இருந்து பார்த்தார்கள். என் அம்மம்மா வசனத்தை நடிகருக்கு முன்னரே சொல்லிவிடுவாராம், அருகில் இருப்பவர்கள் அவரை அதட்டி அடக்குவார்களாம்.

கதை தெரிந்தபின் வாசிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி மாறுகிறது. என்ன நடக்கப்போகிறது என்ற ஆவல் ஒதுங்கி, யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்பது முன்னுக்கு வரும். தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வருத்துகிறது. முந்திய மன்னன் லாயஸைக் கொன்றவனை வெளியேற்றினால்தான் நோய் தீரும் என்று தெய்வவாக்கு வருகிறது. ஈடிபஸ் அந்தக் கொலையாளியைச் சபித்து, என் சொந்தத் தந்தைக்காகப் போராடுவதுபோல் இதற்காகப் போராடுவேன் என்கிறான். லாயஸ் அவனுடைய சொந்தத் தந்தையே என்பதும், கொன்றவன் அவனே என்பதும் அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். நாடக முரண்நகை என்று குறிப்புகளில் எழுதித் தருவது இதைத்தான். கதை தெரியாமல் வாசிப்பவருக்கு அந்த வரி வெறும் வீரவசனமாகப் போய்விடும்.

இரண்டாம் படி: கொப்பியில் இரண்டு நிரல்கள்

ஒரு பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் நாயகன் ஒவ்வொரு கட்டத்திலும் அறிந்துகொண்டதை எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதன்பின் அவன் செய்ததை எழுதுங்கள். ஈடிபஸுக்கு இதைச் செய்து பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று தென்பட்டது. லாயஸின் கொலையும், தன் தாய் ஜொகாஸ்டாவுடன் ஈடிபஸ் அறியாது செய்துகொண்ட திருமணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நடந்து முடிந்தவை. பெரும்பகுதி நேரம் மேடையில் நடப்பது விசாரணை மட்டுமே. பார்வையற்ற தீர்க்கதரிசி தைரீசியஸ், ஜொகாஸ்டா, கொரிந்திலிருந்து வந்த தூதன், முதிய இடையன் என்று ஒருவர்பின் ஒருவராகக் கேட்டுக்கேட்டு, ஈடிபஸ் தன்னையே பிடித்துக்கொள்கிறான். குறிப்புக் கொப்பியில் ‘விதியால் வீழ்ந்தான்’ என்று எழுதிவைத்திருந்த எனக்கு, வலப்பக்க நிரல் முழுவதும் ‘கேட்டான்’, ‘அழைப்பித்தான்’, ‘மீண்டும் கேட்டான்’ என்று நிரம்பியிருந்தது வியப்பாக இருந்தது.

மூன்றாம் படி: திரும்பும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். நிலைமை எதிர்ப்பக்கம் புரளும் இடத்தை அரிஸ்டோட்டில் ‘பெரிபெத்தியா’ என்றார். அறியாமையிலிருந்து அறிவுக்கு வரும் இடத்தை ‘அனக்னோரிசிஸ்’ என்றார். நாம் திருப்பம் என்றும் உணர்வு என்றும் சொல்லிக்கொள்ளலாம். இவ்விரண்டும் ஒரே இடத்தில் நிகழ்வதே சிறப்பு என்பதும், அதற்கு ஈடிபஸ் நாடகமே சான்று என்பதும் அவருடைய கருத்து.

தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற தெய்வவாக்குக்கு அஞ்சி, தான் வளர்ந்த கொரிந்தையும், பெற்றோர் என்று நம்பிய பொலிபஸ் மன்னனையும் அவன் மனைவியையும் விட்டு வந்தவன் ஈடிபஸ். கொரிந்துத் தூதன் நல்ல செய்தியுடன் வருகிறான்: பொலிபஸ் மன்னன் இயற்கையாக இறந்துவிட்டான், இனி நீயே கொரிந்துக்கும் அரசன். தந்தையைக் கொல்வாய் என்ற வாக்குப் பொய்த்தது என்று ஈடிபஸ் ஆறுதல் அடைந்தாலும், தாயைப் பற்றிய அச்சம் எஞ்சியிருக்கிறது. அந்த அச்சத்தையும் நீக்கிவிடலாம் என்று எண்ணிய தூதன், அவர்கள் உன்னைப் பெற்றவர்களே அல்லர், குழந்தையாக இருந்த உன்னை அவர்களிடம் கொடுத்தவன் நானே என்கிறான். உதவ வந்த சொல்லே அழிவின் வாசலைத் திறந்துவிடுகிறது. இப்படி ஒரு செயல் தான் கருதியதற்கு நேரெதிரான பயனைத் தரும் இடத்தைத் தேடுங்கள்; அது கிடைத்தால் கட்டுரையின் பாதி கிடைத்துவிட்டது.

இப்போது பாண்டியனின் அவைக்கு வாருங்கள். ‘என் கால் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்கிறாள் கண்ணகி. அரசன் சினக்கவில்லை, அவள் சொன்னது நன்மொழி என்று ஒப்புக்கொண்டு, ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்று தன் பக்கத்து உண்மையையும் சொல்லி, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைத் தானே வருவித்து அவள் முன் வைப்பிக்கிறான். அவனை அழிக்கும் சான்றை அவையின் நடுவே கொண்டுவருவது அவனுடைய நடுவுநிலைமையே. கண்ணகி சிலம்பை உடைக்க, ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’. திருப்பமும் உணர்வும் ஒரே பரலில் வந்து அவன் வாயருகே தெறிக்கின்றன.

அடுத்து அவன் சொல்வதைச் சொல் சொல்லாகப் பாருங்கள்: ‘யானோ அரசன் யானே கள்வன்’. ‘யானோ’ என்பதில் ஓகாரம் இருக்கிறது. நான் ஓர் அரசனா என்று வினவி, இல்லையென மறுக்கிறது. ‘யானே’ என்பதில் ஏகாரம் இருக்கிறது; ஐயத்துக்கு இடமின்றித் தேற்றமாகச் சொல்கிறது. பதவியைக் கேள்வியாக்கிய அதே மூச்சில் குற்றத்தை உறுதியாக்கிவிடுகிறான். இலக்கண வகுப்பில் நாம் கொட்டாவி விட்டுக்கொண்டு படித்த இடைச்சொல்லியல் இங்கே வந்து கைகொடுக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நான்காம் படி: தவறு எது என்று கேளுங்கள்

‘ஹமார்த்தியா’ என்ற கிரேக்கச் சொல் இலக்குத் தவறுதல் என்ற பொருளை அடியாகக் கொண்டது. அம்பு குறி பிசகுவதுபோன்ற பிழை அது. குணக்கேடு என்று அதனை மொழிபெயர்த்துப் பாடமாக்கியதால்தான் நானும் அகந்தை என்று எழுதினேன். அவலநாயகன் முற்றிலும் நல்லவனாகவோ முற்றிலும் தீயவனாகவோ இராமல், ஏதோ ஒரு பிழையால் வீழ்பவனாக இருக்கவேண்டும் என்றே அரிஸ்டோட்டில் சொல்கிறார்.

பாண்டியனின் பிழையைச் சிலப்பதிகாரம் ஒரே சொல்லிற் சொல்லிவிடுகிறது. ஊடிச் சென்ற தேவியைத் தேடி அவன் அந்தப்புரம் போகும் வழியிற் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். ‘வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி’ என்கிறது கொலைக்களக் காதை. வேம்பன் என்றால் வேப்பம்பூச் சூடும் பாண்டியன்; தேரான் என்றால் ஆராயாதவன். பின்னர் அவைக்கு வரும் கண்ணகி அவனை விளிக்கும் முதற்சொல்லும் ‘தேரா மன்னா’ என்பதே. புலவர் கதை சொல்லும்போது வைத்த சொல்லையே, அதைக் கேட்டிருக்க வழியில்லாத கண்ணகியும் எடுத்து எறிகிறாள். இத்தகைய சொல் மீளும் இடங்களைப் பென்சிலாற் கோடிட்டு வையுங்கள். மேற்காட்டிய அடிகளில் ‘வினைவிளை காலம்’ என்று ஊழும், ‘தேரான் ஆகி’ என்று மனிதப் பிழையும் அடுத்தடுத்து நிற்பதையும் கவனியுங்கள்; ஊழா பிழையா என்று வினாத்தாளிற் கேட்டால், இரண்டையும் காப்பியம் சேர்த்தே வைத்திருக்கிறது என்று இந்த இடத்தைக் காட்டி எழுதலாம்.

இனி ஈடிபஸ். அகந்தைக்கு நாடகத்தில் இடம் இல்லாமலில்லை: தீப்ஸை வருத்திய ஸ்பிங்ஸ் என்ற பூதத்தின் விடுகதைக்கு உன்னால் விடை காண முடியவில்லை, நானே கண்டேன் என்று தைரீசியஸிடம் அவன் பெருமையடிக்கிறான். ஆனால் அவன் அந்த இடத்தில் பணிவாகப் பேசியிருந்தால் தப்பியிருப்பானா? கொலை ஏற்கெனவே நடந்துவிட்டது. உண்மையை வெளியே இழுத்தது, குடிமக்களுக்காக அவன் விடாது நடத்திய விசாரணை. உண்மையை அவனுக்கு முன்னரே உணர்ந்துகொண்ட ஜொகாஸ்டா, இதற்குமேல் தேடாதே என்று மன்றாடுகிறாள்; அவன் கேட்கவில்லை. தேராததால் வீழ்ந்த மன்னன் ஒருவன், தேர்ந்து தேர்ந்தே வீழ்ந்த மன்னன் மற்றவன் என்பது இரண்டையும் அருகருகே வைத்தபின் எனக்குத் தோன்றியது. அகந்தையே என்று இன்னும் வாதிட விரும்புவோர் வாதிடலாம், தைரீசியஸ் காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு.

ஐந்தாம் படி: உணர்ச்சிக்குப் பெயரிடுங்கள்

இரக்கமும் அச்சமும் அவலநாடகம் எழுப்பும் உணர்ச்சிகள் என்பது அரிஸ்டோட்டில் வகுத்தது. ‘சோகமாக இருந்தது’ என்று எழுதுவதைவிட, எந்த வகைத் துயரம் என்று பிரித்து எழுத நமக்குத் தொல்காப்பியம் உதவுகிறது. ‘இளிவே இழவே அசைவே வறுமை’ என்று அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு மெய்ப்பாட்டியல் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இளிவு பிறரால் இகழப்படுதல், இழவு உற்றாரையோ உடைமையையோ இழத்தல், வறுமை வெளிப்படை. அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் என்று உரைகாரர் பொருள் கொண்டனர். அவலநாயகனின் வீழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு சொல்லை நான் இதுவரை காணவில்லை. கண்ணகியின் துயரம் இழவு. பாண்டியனதும் ஈடிபஸினதும் அசைவு.

அழுகை வந்தாலே அவலநாடகம் என்று கொள்ளவும் கூடாது. மயான காண்டத்தில் சந்திரமதி இறந்த மகனை ஏந்தி வரும்போது அழாதவர் இல்லை. ஆனால் முடிவில் மகன் உயிர்பெறுகிறான், இழந்த நாடு திரும்புகிறது, வாய்மை வெல்கிறது. அரிச்சந்திரன் செய்த பிழை என்று ஒன்றும் இல்லை, அவன் சோதிக்கப்படுகிறான். நம் மக்கள் மனத்தில் நிலைத்த மாபெரும் அழுகை நாடகம் அது, ஆயினும் அரிஸ்டோட்டிலின் அளவுகோலில் அவலநாடகமாகாது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று நான் கருதவில்லை. அளவுகோல் வேறு, அவ்வளவே. அவலநாடகம் உணர்ச்சிகளைத் தூய்மையாக்கும் என்ற ‘கதார்சிஸ்’ கருத்தைப் பற்றி அறிஞரிடையே நெடுங்காலக் கருத்துவேறுபாடு இருப்பதால், பரீட்சையில் அதற்கு மூன்று வரிகளுக்குமேல் கொடுக்கவேண்டாம்.

ஆறாம் படி: மறைவில் நடப்பதைக் குறியுங்கள்

ஜொகாஸ்டா தூக்கிட்டு இறப்பதும், அவளுடைய ஆடையின் ஊசிகளால் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வதும் மேடையில் நிகழ்வதில்லை. ஒருவன் வந்து சொல்லக் கேட்கிறோம். ஏன் அப்படி என்று ஒரு வரியேனும் எழுதுங்கள். பாடகர் குழு என்ன செய்கிறது என்பதையும், அது நம் கூத்தின் பிற்பாட்டுக்காரரிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதையும் குறித்துவைத்தால் போதும்.

ஏழாம் படி: ஒரு பந்தி எழுதுங்கள்

முழுக் கட்டுரைக்கு முன் ஒரே ஒரு பந்தியை எழுதிப் பழகுங்கள். கூற்று, அது நிகழும் இடம், அங்கே கவனித்த சொல் அல்லது செயல், அதனால் விளங்குவது என்ற வரிசை தொடக்கத்துக்கு நல்லது, பழகியபின் மாற்றலாம். என் பழைய கட்டுரையின் முதற்பந்தியை நான் மீண்டும் இவ்வாறு எழுதினேன்:

‘ஈடிபஸைத் தீப்ஸின் அரசனாக்கிய பண்பே அவனை அந்நகரிலிருந்து வெளியேற்றுகிறது. விடுகதைக்கு விடை கண்டு நகரைக் காத்தவன், லாயஸின் கொலையையும் அவ்வாறே விடுவிக்கவேண்டிய புதிராகக் காண்கிறான். தேடலை நிறுத்துமாறு ஜொகாஸ்டா மன்றாடும் காட்சியில், கணவனின் பிறப்பின் தாழ்வை எண்ணி அவள் நாணுகிறாள் என்று அவன் தவறாக எண்ணிக்கொள்கிறான். எல்லாவற்றுக்கும் விடை காண்பவன், எதிரே நிற்பவளின் முகத்தைப் படிக்கத் தவறிவிடுகிறான்.’

இம்முறை ஆசிரியை கோடிட்டது கடைசி வரியை. ‘முகம் என்று நாடகத்தில் எங்கே?’ என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது சரி. அவள் சொன்ன சொற்களையே நான் எடுத்துக்காட்டியிருக்கவேண்டும்.

பயிற்சிக்கு, நம்மூரில் இசைநாடகமாகவும் கூத்தாகவும் ஆடப்பட்ட பூதத்தம்பி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், நண்பனாக நடித்தவனை நம்பி வெற்றுத்தாளிற் கையொப்பமிட்டுக் கொடுத்ததால் இராசத்துரோகி என்று கொல்லப்பட்டான் என்பது வழங்கும் கதை. நாடகப் பிரதி ஒன்றை யாழ்ப்பாணப் பொது நூலகத்திலோ, ஈழத்து நூல்களை மின்வடிவில் வைத்திருக்கும் நூலகம் இணையத்தளத்திலோ தேடிப் பாருங்கள். கையொப்பமிட்டது ஹமார்த்தியாவா, அல்லது அவன் வெறும் சூழ்ச்சிக்கு இரையானவனா? உண்மையை அவன் உணரும் இடம் பிரதியில் உண்டா? உண்டென்றால் அந்த வரியை எழுதி, அதன் கீழிருந்து பந்தியைத் தொடங்குங்கள்.