வாடையை வடிகட்டும் வரப்பு

இராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் எனக்கு ஓர் ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் முண்டு மிளகாய் போடுவோம். செடி பூக்கும் நேரம் பார்த்துத்தான் வாடைக் காற்று உப்பையும் சுமந்துகொண்டு கரையேறும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் என்று அதற்குத் தெரியுமா? பூவை உதிர்த்துவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் வரப்பில் மரம் வைத்தேன். வைத்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு வாடைதான் எதிரி. வடக்கு வரப்பும் கிழக்கு வரப்பும் முக்கியம். கீழக்கரை, ஏர்வாடிக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் தெற்கிலும் மேற்கிலுமிருந்து மணல் பறக்கும். எங்கள் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, சுவர் எழுப்பாதீர்கள். நான் எழுப்பினேன். நாற்று விற்றவர் பேச்சைக் கேட்டு மூன்றடிக்கு ஒன்றாக மூன்று வரிசை சவுக்கு வைத்தேன். மூன்றாம் வருடம் பதினைந்தடி உயரத்துக்கு அடைத்துக்கொண்டு நின்றது. பெருமையாகத்தான் இருந்தது. மரத்தை ஒட்டிய செடிகளில் ஓர் இலைகூட அசையவில்லை. நூறடி உள்ளே போனால் கதையே வேறு. செடிகள் திக்குக்கு ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன, தூரைச் சுற்றி மண் குழிந்திருந்தது, பூக்கள் காம்போடு கொட்டிக் கிடந்தன. அடைப்பில் முட்டிய காற்று மேலேறி, அந்தப் பக்கம் குப்புற விழுந்து சுழன்றிருக்கிறது. நடு வரிசையை வெட்டிக் கழியாக விற்ற பிறகுதான் அடங்கியது.

1930-களில் புழுதிப் புயலில் மண்ணைப் பறிகொடுத்த அமெரிக்கச் சமவெளியில் மைல் கணக்கில் மரவரிசை வைத்தார்கள். காற்றுத் தடுப்பைப் பற்றிய ஆய்வுகள் சொல்வதும் இதுதான்: பாதி அடைப்பு, பாதி சந்து. அப்படி இருந்தால் மரத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரை காற்றின் வேகம் நன்றாகக் குறையும். பதினைந்தடி மரம் என்றால் நூற்றைம்பது அடி. கிழக்கு வரப்புக்கு இந்தப் பக்கம் காலையில் நின்று பாருங்கள். வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுந்தால் சரியான வரப்பு. முழு நிழல் விழுந்தால் அரிவாளை எடுங்கள்.

நிரந்தரத்துக்குப் பனை. நாற்று வாங்க வேண்டாம், பனை இடமாற்றத்துக்கு ஒத்துவராது. ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தின் கொட்டையைப் பத்தடிக்கு ஒரு குழியில் இரண்டிரண்டாகப் புதையுங்கள். ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு வரப்புக்கு இருபது குழி வரும். பல மாதம் மேலே ஒன்றும் தெரியாது. செத்துப்போயிற்று என்று தோண்டாதீர்கள். கொட்டையிலிருந்து வெள்ளைக் குருத்து ஒன்று நேராகக் கீழே இறங்கி, அடியில் கிழங்காகத் திரண்டுகொண்டிருக்கும். தை மாதம் அதைப் பிடுங்கி அவித்துத் தின்ன வீட்டுப் பிள்ளைகளே வருவார்கள். அவர்களுக்கென்று வீட்டுக் கொல்லையில் தனியாக ஒரு பாத்தி போட்டுவிட்டேன். வரப்புக் கிழங்கு தப்பியது.

பனை வளர்ந்தபின் கால்பக்கம் மொட்டையாக இருக்கும், காற்று அடியில் நுழையும். இரண்டு பனைக்கு நடுவே மழை பிடித்ததும் பூவரசங் கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றுங்கள். உப்பைத் தாங்கும், ஆட்டுக்குத் தழை தரும்.

நிழல் விஷயத்தில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கு வரப்பு மரத்தின் நிழல் நம் நிலத்தில் விழாது, வடக்கே இருப்பவர் நிலத்தில் விழும். எனக்கு வடக்கே இருப்பவர் என் கொழுந்தன். “மதினி, மரம் உங்களுக்கு, நிழல் எனக்கா?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். வடக்குப் பக்கம் நீளும் கிளை முழுவதும் அவர் ஆட்டுக்கு என்று பேசி முடித்தோம்.

நிழலைவிட வேர்தான் பெரிய தொல்லை. பிரான்சில் மான்பெலியே அருகே 1995-இல் அக்ரூட் என்னும் வால்நட் மரத்தை நட்டு, வரிசைகளுக்கு நடுவே கோதுமை விதைத்துவருகிறார்கள். குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும்போது கோதுமை மேல்மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, மரத்தின் வேர் கீழே போகிறது. நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஆகவே மரம் சிறிதாக இருக்கும்போதே வரப்பிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். பக்கவேர் அறுபடும், ஐப்பசி மழையும் அதில் நிற்கும். வருடா வருடம் தூர் வார வேண்டும். ஒரு வருடம் சோம்பி விட்டுவிட்டேன், பூவரசு மூன்று பாத்தி உள்ளே வந்துவிட்டது.

நிலத்தின் நடுவே வேம்பு நின்றால் வெட்டிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் ஒருவகை வேலமரம் மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் தழைக்கிறது. அதனடியிலேயே கம்பு விளைவிக்கிறார்கள். நம் வேம்புக்கு அந்தப் புத்தி கிடையாது, நாம்தான் புகட்ட வேண்டும். விதைப்புக்கு முன் புரட்டாசியில் கிளைகளைக் கழித்துத் தழையை உழவில் மிதித்துவிடுங்கள். தை, மாசிக்குள் மீண்டும் துளிர்த்துவிடும். பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிக்க வரும் பெண்கள் கஞ்சி குடிக்க உட்காருவது அதன் அடியில்தான்.

சீமைக் கருவேலத்தை வேலி என்று வரப்பில் விட்டுவைக்காதீர்கள். வெட்டினால் தழைக்கும், வேரோடு பிடுங்குங்கள்.

பனையில் ஆண் எது, பெண் எது என்று பூக்கும்வரை சொல்ல முடியாது. பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். நான் புதைத்த நாற்பது குழியில் முப்பத்தொன்று நிற்கின்றன. முதல் பாளைக்கு இன்னும் ஆறு வருடமாவது இருக்கிறது. காலியான ஒன்பது குழிகளுக்குக் கொட்டை பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.