லக்ராஸ் அசிஸ்டண்ட் கோச் ஆகணுமா, பந்து வாளியிலேர்ந்து ஆரம்பிங்க

எம்ஆர்டில லக்ராஸ் குச்சிய வச்சிட்டு நின்னா ஒரு அங்கிளாவது "எங்க தம்பி, பெடோக் ஜெட்டிக்கா, மீனு கெடைக்குதா இப்பல்லாம்?"னு கேட்டுடுவாரு. நம்ம சிங்கப்பூர்ல, வல மாட்டின குச்சியால பந்த புடிச்சி, எறிஞ்சி கோல் போடற இந்த ஆட்டத்தோட நெலம அவ்வளவுதான். ஆனா கோச்சிங் பக்கம் வரணும்னு நெனக்கிறவங்களுக்கு அதுவே ஒரு வசதி. ஃபுட்பால்ல உள்ள போகணும்னா ஏழு வயசுலேர்ந்து ஆடினவங்க வரிசைல நிப்பாங்க, இங்க நெறைய பேரு யூனிவர்சிட்டி, பாலிடெக்னிக் வந்தப்புறம்தான் குச்சியவே மொத தடவ தொட்டிருப்பாங்க, அதனால லேட்டா வந்தோமேன்னு கவலப்பட வேணாம். நான் பகல்ல ஆபீஸ் வேலை, சாயங்காலம் காலேஜ் பசங்களோட கிரவுண்டுல, நாலஞ்சு வருஷமா இப்படித்தான் ஓடுது. தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல ஆட்டத்த ஒழுங்கா தெரிஞ்சிக்கோங்க, ஏன்னா லக்ராஸ்னு ஒரே பேர்ல முக்கியமா மூணு ஆட்டம் நீங்க தெரிஞ்சிக்கணும். ஆண்கள் ஃபீல்டு ஆட்டம் 10 பேரு, ஹெல்மெட் பேடு எல்லாம் போட்டு மோதிக்குவாங்க. பெண்கள் ஆட்டம் அமெரிக்க ரூல்ல 12 பேரு, மோதல் ரொம்ப கம்மி, கண்ணாடியும் மவுத்கார்டும்தான், ரூல்ஸே வேற, ஆண்கள் ஆட்டம் தெரிஞ்சா போதும் இத சமாளிச்சிடலாம்னு போனீங்கன்னா மொத நாளே மாட்டிக்குவீங்க. மூணாவது சிக்ஸஸ், கோலியோட சேத்து 6 பேரு, 8 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், 30 செகண்டுக்குள்ள ஷாட் அடிக்கணும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ல வரப்போறது இந்த சிக்ஸஸ்தான், 2023 அக்டோபர்ல மும்பைல நடந்த கூட்டத்துல முடிவாச்சு. 1908க்கு அப்புறம் லக்ராஸுக்கு ஒலிம்பிக் மெடல் இப்பதான். எடம் கம்மியா இருக்கற நம்ம ஊருக்கும் அதுதான் ஒத்துவரும், அதனால நான் சிக்ஸஸ மொதல்ல கத்துக்கோங்கன்னுதான் சொல்வேன். இன்னொரு காரணமும் இருக்கு. ஆண்கள் ஃபீல்டு ஆட்டத்துல ஒவ்வொரு கோலுக்கு அப்புறமும் பொதுவா ஃபேஸ்-ஆஃப், அதாவது நடுவுல பந்த வச்சி ரெண்டு பேரு அத எடுக்க போட்டி போடறது, அதுக்குன்னே தனி ஆளு, சில எடத்துல தனி கோச்சே உண்டு. சிக்ஸஸ்ல கோல் விழுந்ததும் கோலி பந்த எடுத்து உடனே ஆட்டத்த ஆரம்பிச்சிடுவாரு, மூச்சு விட நேரமில்ல. அதனால பந்து கைமாறின உடனே யாரு எங்க ஓடணும்னு சொல்லித்தர தெரிஞ்ச ஆளுக்குத்தான் இங்க மதிப்பு.

சரி அசிஸ்டண்ட் கோச்னா என்ன வேலை? டிரில் சொல்லித்தர்றதுன்னு நெனச்சிதான் நானும் வந்தேன். அது பத்துல ரெண்டு பங்குதான் இருக்கும். மிச்சமெல்லாம் ஹெட் கோச்சோட தலைல இருக்கற பாரத்துல ஒரு மூட்டைய எறக்கி உங்க தோள்ல வச்சிக்கறது. அந்த ஒரு மூட்ட என்னன்னு நீங்களே தேர்ந்தெடுங்க. வீடியோ வெட்டறதா, எதிர் டீம் ஸ்கவுட்டிங்கா, கோலி பயிற்சியா, குச்சி செக்கா, எதுவா இருந்தாலும் "அத அவன்கிட்ட குடுத்துட்டேன், நான் பாக்கவே தேவையில்ல"னு ஹெட் கோச் சொல்ற அளவுக்கு கொண்டு வாங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கை வைக்கிறவர யாருக்கும் தேவைப்படாது.

எனக்கு மொதல்ல குடுத்தது கணக்கு எழுதற வேலை. கிரவுண்ட் பால், அதாவது தரைல கெடக்கற பந்து, யாரு எடுத்தா, கிளியர், அதாவது நம்ம கோல் பக்கத்துலேர்ந்து பந்த எதிர் பக்கம் கொண்டு போறது, எத்தன முயற்சி, எத்தன தேறிச்சு, ஷாட் எந்த எடத்துலேர்ந்துன்னு ஒரு அட்டைல கோடு போடணும், அவ்வளவுதான், சின்ன வேலைன்னு நெனச்சேன். ரெண்டாவது குவார்ட்டர்ல ரெண்டு டீமும் எடம் மாறினத கவனிக்காம, எதிர் டீம் எடுத்த பந்தையெல்லாம் நம்ம கணக்குல எழுதிட்டேன். ஹாஃப்டைம்ல ஹெட் கோச் அட்டைய பாத்து "கிரவுண்ட் பால் நல்லாத்தான் எடுக்கறோம், பின்ன எப்படி தோக்கறோம்?"னு கேட்டாரு. என்னால வாயே தொறக்க முடியல. அப்புறம்லேர்ந்து அட்டைய நடுவுல கோடு கிழிச்சி, மேல டீம் பேருக்கு பதிலா ஜெர்சி கலர எழுதி வச்சிக்கறேன். நீங்களும் அப்படியே செய்ங்க, ஓடற ஓட்டத்துல பேரு மனசுல நிக்காது, கலர் நிக்கும்.

குச்சி விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அமெரிக்கா வீடியோ பாத்து கத்துக்கறவங்க இதுலதான் ஏமாந்துடறாங்க. குச்சி தலைல பந்து உக்கார்ற வலைக்கு பாக்கெட்னு பேரு. ஆண்கள் ஆட்டத்துல பந்தோட மேல்பக்கம் சைட்வாலோட, அதாவது குச்சி தலையோட பக்கச் சட்டத்தோட, கீழ் விளிம்பத் தாண்டி கீழ எறங்கக்கூடாது, எறங்கினா பெனால்டி. நம்ம ஊர் மழையும் புழுக்கமும் சேந்தா சாஃப்ட் மெஷ் வல ஊறிப்போயி பாக்கெட் தொங்கிடும், வார்ம்-அப்ல சரியா இருந்த குச்சி மூணாவது குவார்ட்டர்ல ஃபவுல் குச்சி ஆயிடும். மெழுகு பூசின மெஷ் கொஞ்சம் தாங்கும். மேட்சுக்கு முன்னாடி ஒவ்வொரு குச்சியையும் கண் மட்டத்துக்கு தூக்கி, பக்கவாட்டுல பாத்து, உள்ள பந்த போட்டு, சைட்வாலுக்கு கீழ வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. பந்துக்கு மேல வெளிச்சம் தெரிஞ்சா வலையோட மேல் பக்கம் குறுக்க போற ஷூட்டிங் ஸ்டிரிங்கையும் கீழ் முடிச்சையும் இழுத்து கட்டணும். மழ பெஞ்சா ஹாஃப்டைம்ல மறுபடியும் எல்லாத்தையும் செக் பண்ணுங்க. ஸ்டிரிங் கட்ட தெரிஞ்ச அசிஸ்டண்ட்ட எந்த ஹெட் கோச்சும் சீக்கிரம் விடமாட்டாரு, இத நான் எழுதியே தர்றேன்.

மழைன்னதும் மின்னல் ஞாபகம் வருது. என்எஸ், அதாவது தேசிய சேவை, போனவங்களுக்கு கேட் ஒன்னு சொன்னா போதும், மின்னல் ஆபத்துன்னு புரிஞ்சிடும். லக்ராஸ் குச்சில நெறைய அலுமினியம் ஷாஃப்ட், கையில அத புடிச்சிட்டு தெறந்த மைதானத்துல நிக்கறது என்ன வேலைன்னு யோசிங்க. மின்னல் எச்சரிக்கை வந்த உடனே "இன்னும் ஒரு டிரில்"னு பேச்சே கூடாது, எல்லாரும் உள்ள. அதனால பையில எப்பவும் ரெண்டாவது பிளான் ஒன்னு இருக்கணும், வெட்டி வச்ச வீடியோ பத்து நிமிஷம், இல்லன்னா ஷெல்டருக்கு அடில ஃபுட்வொர்க். இந்த பிளான போடற ஆளு நீங்கதான், ஹெட் கோச் இல்ல.

சொந்த ஆட்டத்துக்கு வால் பால் தெனமும் அடிங்க, சுவத்துல எறிஞ்சி புடிக்கறது, வலது கை நூறு, எடது கை நூறு. ஆனா தயவுசெஞ்சி அடுக்குமாடிக்கு கீழ தெறந்து கெடக்கற வாய்ட் டெக்ல வேணாம். அது கெட்டி ரப்பர் பந்து, சத்தம் ரெண்டாவது மாடி வரைக்கும் கேக்கும், எங்க புளோக் ஆன்ட்டி ஒருத்தங்க கீழ எறங்கி வந்து பந்து விளையாடக்கூடாதுன்னு எழுதியிருக்கற போர்டுக்கு பக்கத்துல நின்னு என்னையே பாத்தாங்க, ஒரு வார்த்த பேசல.

பேப்பர் வேலை சீக்கிரம் முடிச்சிடறேன். சிங்கப்பூர்ல ஸ்கூல், காலேஜ் பக்கம் காசு வாங்கி கோச்சிங் பண்ணணும்னா தேசிய பயிற்றுநர் பதிவேடு, அதாவது என்ஆர்ஓசி, அதுல இருக்கறது நல்லது, பல எடத்துல கட்டாயமா கேப்பாங்க. அதுக்கு எஸ்ஜி-கோச் லெவல் 1, ஏஇடியோட (நின்ன இதயத்துக்கு ஷாக் குடுக்கற கருவி) சேத்து ஃபர்ஸ்ட் எய்ட், விளையாட்டு நெறிமுறை கோர்ஸ் எல்லாம் வேணும். யுஎஸ்ஏ லக்ராஸ் நடத்தற ஆன்லைன் கோச்சிங் கோர்ஸும் இருக்கு, டிரில் புரிய அது ரொம்ப உதவும். காசு மணிக்கணக்குலதான் வரும், அத நம்பி வேலைய விட்டுடாதீங்க. முதலாளி யாரும் கிடையாது, நீங்க சுயதொழில் கணக்குல வருவீங்க, வருஷத்துக்கு செலவு போக 6,000 வெள்ளிக்கு மேல வந்தா மெடிசேவ், அதாவது மருத்துவ சேமிப்பு, நீங்களே கட்டணும். மொத வருஷம் எனக்கு இது தெரியாது, லெட்டர் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

அமெரிக்காவுக்கு போயி முழுநேர காலேஜ் கோச் ஆகணும்கிற ஆச இருக்கறவங்களுக்கு. டிவிஷன் ஒன்னு, அதாவது அங்க காலேஜ் விளையாட்டோட மேல் அடுக்கு, அந்த கனவு நல்லாத்தான் இருக்கும், ஆனா வெளியூர்க்காரருக்கு தெறக்கற கதவு பெரும்பாலும் கிராஜுவேட் அசிஸ்டண்ட், அதாவது மாஸ்டர்ஸ் படிச்சிட்டே டீம்ல வேலை, பல எடத்துல ஃபீஸ்ல தள்ளுபடி. சின்ன காலேஜா, டிவிஷன் ரெண்டு மூணு பக்கம் தேடுங்க. படிப்பு முடிஞ்சப்புறம் சிங்கப்பூர்காரங்களுக்குன்னு எச்-1பி1 விசா தனியா இருக்கு, வருஷத்துக்கு 5,400 எடம், ஆனா டிகிரி தேவைப்படற வேலைன்னு காலேஜ் காட்டணும், வெறும் கோச்சிங்க வச்சி அத காட்டறது சுலபமில்ல. அங்க அசிஸ்டண்ட்டோட கோடைக்காலம் ரெக்ரூட்டிங்லயே, அதாவது டீமுக்கு ஆள் தேடறதுலயே போயிடும், ஊர் ஊரா கார் ஓட்டி டோர்னமெண்ட்ல நோட்டோட உக்காரணும், அதுலயும் டிவிஷன் ஒன்னுல பசங்கள அவங்க பதினொன்னாவது வகுப்புக்கு வர்ற வருஷத்து செப்டம்பர் 1க்கு முன்னாடி தொடர்புகொள்ளவே கூடாதுன்னு ரூல். நான் போகல. அம்மாவ விட்டுட்டு அவ்வளவு தூரம் மனசு வரல, அது என் கத.

எங்க ஆரம்பிக்கறது? இங்க காலேஜ் டீம், கிளப் டீம் எதுக்காவது நீங்களே மெசேஜ் போடுங்க, "நான் கோச்சிங் கத்துக்கணும்"னு போடாதீங்க, அது அவங்களுக்கு இன்னொரு வேலை. "செவ்வாய், வியாழன் ஏழு மணிக்கு வர்றேன், வீடியோ எடுக்கறேன், அன்னிக்கு ராத்திரியே வெட்டி அனுப்பறேன்"னு போடுங்க. சொன்ன மாதிரி அன்னிக்கு ராத்திரியே அனுப்புங்க. மொத நாள் யாரும் சொல்லாமயே பந்து வாளிய நீங்க தூக்குங்க, போகும்போது 40 எண்ணி எடுத்துட்டு போங்க, வரும்போது எண்ணினா 37தான் இருக்கும், மிச்சம் மூணும் கோலுக்கு பின்னாடி மழத்தண்ணி ஓடற லாங்காங்ல கெடக்கும், டார்ச் எடுத்துட்டு போங்க.